வெப்பமும் வறட்சியும்: பயிருக்கும் கால்நடைக்கும் உள்ளே நடப்பது என்ன?

கொழும்பில் வாழும் நாம் வெப்பம் என்றதும் மார்ச், ஏப்ரல் மாதங்களையே நினைக்கிறோம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. காற்றோட்டம் குறைந்து, கடலோர ஈரம் காற்றில் தேங்கி, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாலும் வியர்வை காய்வதில்லை. ஆனால் நம் தட்டுக்கு வரும் சோற்றையும், சம்பலுக்குத் துருவும் தேங்காயையும், கடையில் சட்டியோடு வாங்கும் எருமைத் தயிரையும் பாதிக்கின்ற வெயில் பெரும்பாலும் வேறு மாதங்களில், வேறு இடங்களில், வேறு குணத்தோடு அடிக்கிறது. அதைப் புரிந்துகொள்வதற்குத் தாவரமும் விலங்கும் சூட்டை எவ்வாறு சமாளிக்கின்றன என்ற அடிப்படை தெரிந்தாலே போதும். பெரிய விஞ்ஞானப் பயிற்சி தேவையில்லை.

முதலில் காலத்தைப் பார்ப்போம். நாட்டின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உலர் வலயம். வடக்கு, கிழக்கு, வடமத்திய மாகாணங்கள் அதில் அடங்கும். அங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான சில மாதங்களிலேயே கொட்டித் தீர்கிறது. அந்த மழையை நம்பிச் செய்வது பெரும்போகம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நம் பக்கத்துக்கு மழை தருகிறது. ஆனால் அதே காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஈரத்தை இறக்கிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது காய்ந்து சூடேறிவிடுகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் அதைக் கச்சான் காற்று என்பார்கள். கொழும்பில் குடை பிடித்து நடக்கும் அதே ஜூன், ஜூலை மாதங்களில், கிழக்கில் குளத்து நீரை அளந்து திறந்து சிறுபோகம் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை நகரத்தில் இருக்கும் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஈர வலயத்திலும் ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு சிறு வறட்சி உண்டு; தென்னையும் தாழ்நிலத் தேயிலையும் அதில்தான் அடி வாங்குகின்றன.

வெப்பம், வறட்சி என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியிருந்தாலும், அவை இரண்டு தனித்தனி நெருக்கடிகள். வெப்பம் என்பது உயிரின் உடல் சூடேறுவது. வறட்சி என்பது அதற்கு வேண்டிய நீர் கிடைக்காமல் போவது. இரண்டையும் இணைப்பது ஒன்றே: தாவரமும் சரி, நம் கால்நடைகளும் சரி, பெரும்பாலும் நீரை ஆவியாக்கித்தான் தம்மைக் குளிர்வித்துக்கொள்கின்றன. மண்பானை தன் மேற்பரப்பில் கசியும் நீரைக் காற்றுக்குக் கொடுத்து உள்ளே இருக்கும் நீரைக் குளிர வைப்பதும் இதே முறையில்தான். ஆகவே வெப்பமானி எத்தனை பாகை காட்டுகிறது என்ற கேள்வியோடு நின்றுவிட்டால் பாதி விடைதான் கிடைக்கும். அந்தச் சூடு எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், எத்தகைய ஈரப்பதனோடு வந்தது, வேருக்கோ வாய்க்கோ அப்போது நீர் எட்டியதா என்பவற்றைப் பொறுத்தே மீதி விடை அமையும்.

ஒரு நெல் இலையை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. அவற்றை இலைவாய்கள் என்கிறோம். ஒளித்தொகுப்புக்கு வேண்டிய காபனீரொட்சைட்டு இவற்றின் வழியாக உள்ளே வருகிறது. நீராவி இவற்றின் வழியாகவே வெளியே போகிறது. வேர் உறிஞ்சும் நீரில் 95 வீதத்துக்கும் மேல் இவ்வாறு ஆவியாகிவிடுகிறது என்பது முதன்முறை கேட்பவருக்கு வியப்பாக இருக்கலாம்; ஆனால் அந்த நீர் வீணாகவில்லை, இலையைக் குளிர வைப்பதும் மண்ணின் சத்துகளை மேலே இழுத்து வருவதும் அதுவே. மண்ணில் ஈரம் குறையும்போது தாவரம் ஒரு கடினமான நிலைக்குத் தள்ளப்படுகிறது. இலைவாய்களைத் திறந்து வைத்தால் உள்ளிருக்கும் நீர் தீர்ந்து வாடிவிடும்; மூடிக்கொண்டால் காபனீரொட்சைட்டு வராமல் உணவு தயாரிப்பு நின்றுவிடும், இலையும் சூடேறும். நண்பகலில் கத்தரிச் செடியின் இலைகள் துவண்டு தொங்கி, மாலையில் மறுபடி நிமிர்வதைக் கண்டிருப்பீர்கள். அது பெரும்பாலும் மூடிக்கொண்டு தப்பும் உத்தி. காலையிலும் இலை துவண்டபடியே இருந்தால் வேர்ப்பகுதியில் நீர் உண்மையிலேயே தீர்ந்துவிட்டது என்று பொருள்.

காற்றின் வறட்சியும் இதில் சேர்ந்துகொள்கிறது. 20 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று அதிகபட்சம் 17 கிராம் அளவு நீராவியையே தாங்கும். 35 பாகையில் அது ஏறத்தாழ 40 கிராமைத் தாங்கும். சூடான காற்றில் ஈரம் சேராவிட்டால், அந்த இடைவெளி முழுவதையும் இலையிடமிருந்தும் மண்ணிடமிருந்தும் குளத்து மேற்பரப்பிலிருந்தும் இழுத்து நிரப்பப் பார்க்கும். கச்சான் காற்று வீசும் வாரத்தில் குளத்து நீர்மட்டம், மடை திறக்காமலே இறங்குவதற்குக் காரணம் இதுவே.

நெல்லின் வாழ்வில் எல்லா நாளும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. அடியிலிருந்து பக்கத் தண்டுகள் கிளைக்கும், அதாவது மட்டம் வெடிக்கும் பருவத்தில் ஒரு வாரம் நீர் குறைந்தாலும் பயிர் ஓரளவு மீண்டுவிடும். கதிர் தாளுக்குள் திரளும் குடலைப் பருவம் தொடங்கிக் கதிர் பூத்து முடியும் வரையான நாட்களில் அந்த மன்னிப்பு இல்லை. நெற்பூ பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் திறக்கிறது. ஒரு பூ திறந்திருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரமே. அந்த ஒரு மணி நேரத்தில் மகரந்தம் சிந்தி, பூவின் பெண்பகுதி நுனியான குறியில் ஒட்டி, முளைத்து, சூலை அடைய வேண்டும். அப்போது கதிரைச் சுற்றிய வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தப்பை வெடிக்காமலோ, மகரந்தம் உயிரிழந்தோ போகலாம். மறுநாள் மழை பெய்து குளிர்ந்தாலும் அந்தப் பூ மறுபடி பூக்காது. ஒரு கதிரில் உள்ள பூக்கள் எல்லாம் பூத்து முடிய ஒரு வாரம் அளவே எடுப்பதால், ஒரு போகத்தின் விளைச்சல் அந்த வாரத்தின் முற்பகல்களில் தங்கியிருக்கிறது என்றால் மிகையில்லை.

இதை வயலில் நின்று கையாலேயே சோதித்துப் பார்க்கலாம். பால் பிடிக்கும் பருவத்தில் ஒரு கதிரை உள்ளங்கையில் வைத்து நகத்தால் நெல்லை அழுத்தினால், கருக்கொண்ட நெல்லிலிருந்து வெண்மையான பால் கசியும். கருக்கொள்ளாத நெல்லில் ஒன்றும் வராது. உமியின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டையாகக் கிடக்கும். அறுவடை நெருங்கும்போது தொலைவிலிருந்தே வித்தியாசம் தெரியும். மணி நிறைந்த கதிர் பாரத்தில் வளைந்து தொங்கும்; பதர் மிகுந்த கதிர் இலேசாக நிமிர்ந்து நிற்கும். அதற்கும் உழவுக்கூலி, பசளை, களைநாசினி எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டிருக்கும். பயிர் கருகிச் சாகாமல், பச்சையாகவே நின்று, கடைசியில் கைவிடுவதுதான் வெப்பப் பாதிப்பில் மிகக் கொடியது என்று நான் கருதுகிறேன், ஏனெனில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது இழப்பாகவே தெரிவதில்லை.

ஈரப்பதன் இங்கே இரண்டு வேலை செய்கிறது. காற்று வறண்டு, வயலில் நீர் நிறைந்து நின்றால், கதிர் நன்றாக ஆவியுயிர்த்துச் சுற்றியுள்ள காற்றைவிடச் சில பாகை குளிர்ந்திருக்கும். 36 பாகை வெயிலிலும் பூ தப்பிவிடலாம். அதே வெப்பத்தில் காற்று ஈரமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. காற்றும் வறண்டு வயலும் வறண்டால், ஆவியாக்குவதற்கே நீரில்லாமல் கதிர் சூடேறும். பூக்கும் வாரத்தில் வயலில் நீரை நிறுத்தி வைக்கச் சொல்வது இதனால்தான்.

இரவின் வெப்பத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பகலில் தயாரித்த மாப்பொருளின் ஒரு பகுதியைப் பயிர் இரவில் சுவாசத்துக்குச் செலவிடுகிறது. இரவு சூடாக இருந்தால் அந்தச் செலவு கூடி, மணியில் சேமிக்க மிஞ்சுவது குறைகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் திரட்டிய தரவுகளை வைத்து 2004இல் வெளியான ஆய்வொன்று, வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை ஒரு பாகை உயரும்போது விளைச்சல் ஏறத்தாழ 10 வீதம் குறைந்ததாகக் காட்டியது.

எல்லாப் பயிரும் நெல்லைப் போல நொய்ந்தது அல்ல. சோளம், குரக்கன், கரும்பு ஆகியவற்றின் ஒளித்தொகுப்பு முறை வேறு. அவை காபனீரொட்சைட்டை இலைக்குள்ளே செறிவாக்கி வைத்துக்கொள்வதால், இலைவாய்களைக் குறைவாகத் திறந்தும் வெயிலில் உணவு தயாரிக்க முடிகிறது. உலர் வலயத்து மேட்டுநிலங்களில் நம் முன்னோர் குரக்கனைப் பயிரிட்டதில் நல்ல நியாயம் இருக்கிறது. மரக்கறிகளில் தக்காளியும் மிளகாயும் சூட்டில் பூவையும் பிஞ்சையும் உதிர்த்துவிடும். நீர் ஒழுங்கின்றிக் கிடைத்தால் கல்சியம் காய்க்குப் போய்ச் சேராமல் தக்காளியின் அடி கறுத்து அழுகும். காய்ந்த வெயிலில் பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் பெருகி மிளகாய் இலையைச் சுருள வைக்கும். பேலியகொடை மெனிங் சந்தையில் பச்சை மிளகாய் விலை திடீரென்று ஏறும்போது, தம்புள்ளைப் பக்கத்து ஏதோ ஒரு தோட்டத்தில் சில வாரங்களுக்கு முன்னர் பூ உதிர்ந்திருக்கும்.

மலைநாட்டிலும் சப்ரகமுவவிலும் தேயிலைக்கு நீண்ட வறட்சி வந்தால் கொழுந்து துளிர்ப்பது நின்று, இலை தடித்துவிடுகிறது. நாளொன்றுக்கு இத்தனை கிலோ கொழுந்து என்ற கணக்கில் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, போடும் தோட்டங்களில், செடி துளிர்க்காத நாளில் எவ்வளவு ஓடியாடிப் பறித்தாலும் பெண்களுக்கு அரைப் பேரே விழுகிறது. வறட்சியைப் பற்றிப் பேசும்போது ஹெக்டயர்க் கணக்கோடு இந்தக் கணக்கையும் பேச வேண்டும்.

தென்னையின் கதை வேறு மாதிரியானது. பாளை வெடித்துப் பூத்த பிறகு தேங்காய் முற்றுவதற்கு 11 முதல் 12 மாதங்கள் ஆகின்றன. பாளையின் கருவோ வெடிப்பதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே குருத்துக்குள் உருவாகிவிடுகிறது. ஆகவே குருநாகல், புத்தளம், கம்பஹா ஆகிய தென்னை முக்கோணத்தில் இந்த ஆண்டு பெப்ரவரியில் மழை இல்லாவிட்டால், குரும்பை உதிர்வது அடுத்த சில மாதங்களில் தெரியும். காய் குறைவது அடுத்த ஆண்டின் பறிப்பில் தெரியும். 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் கொழும்பில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்டபோது, வெளியே நல்ல மழை பெய்கிறதே, பிறகு ஏன் இந்த விலை என்று பலர் கேட்டார்கள். விலைக்கு வேறு காரணங்களும் இருந்தன. என்றாலும் அன்றைய மழை அன்றைய காயைப் பெருக்காது என்பதே அந்தக் கேள்விக்கு விடை.

வறட்சி நீடித்தால் நாடு முழுவதும் என்ன ஆகும் என்பதற்கு 2016, 2017ஆம் ஆண்டுகளே சாட்சி. பெரும்போக மழை பொய்த்துக் குளங்கள் நிரம்பாததால் பெருமளவு வயல்கள் விதைக்கப்படவே இல்லை. 2017 ஜூனில் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பும் உலக உணவுத் திட்டமும் வெளியிட்ட மதிப்பீடு, அந்த ஆண்டின் நெல் உற்பத்தி 27 இலட்சம் தொன்னாக, முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 40 வீதம் குறையும் என்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைநீரே கிணற்று நீர். வறட்சியில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அளவுக்கு மீறி இறைத்தால், நன்னீர் இறங்கிய இடத்தில் கடல்நீர் ஏறி, கிணறு உவர்ந்துவிடுகிறது. உவர்நீர் பாய்ந்த தோட்டத்தில் பயிர் மண்ணில் ஈரம் இருந்தும் அதை உறிஞ்ச முடியாமல் வாடும்.

இனிக் கால்நடைகளுக்கு வருவோம். பசுவின் உடல் வெப்பம் 38.5 பாகை அளவில் இருக்க வேண்டும். புல்லும் வைக்கோலும் அதன் இரைப்பையில் நொதிக்கும்போதே பெருஞ்சூடு உண்டாகிறது. பால் அதிகம் தரும் மாடு அதிகம் தின்பதால் அதற்குச் சூடும் அதிகம். வெளியே வெயில் ஏறும்போது உள்ளே பிறக்கும் சூட்டைக் குறைக்க மாட்டுக்குத் தெரிந்த எளிய வழி, தீனியைக் குறைப்பதுதான். தீனி குறைந்தால் ஓரிரு நாளில் பாலும் குறையும். பிறகு வியர்க்கும், மூச்சிரைக்கும், எச்சில் ஒழுகும். நிழலில் நிற்கும் மாட்டின் விலாவைப் பார்த்து மூச்சை எண்ணினால் நிமிடத்துக்கு 60ஐத் தாண்டுகிறதா என்று எவரும் அறிந்துகொள்ளலாம். தாண்டினால் அது வெப்பத்தால் துன்பப்படுகிறது. இத்தகைய நாட்களில் பசு வேட்கைக்கு வந்த அறிகுறிகள் மங்கிவிடும், சினைப்படுத்தினாலும் கரு தங்குவது அரிதாகும். கன்று ஈனுவது தள்ளிப்போவதால் வெயில் போன பின்னரும் பண்ணைக்காரருக்கு நட்டம் தொடர்கிறது.

பயிரின் ஈரக் கணக்கு மாட்டுக்கு அப்படியே பொருந்தாது. வயலில் நீர் இல்லாதபோது வறண்ட காற்று நெல்லை வாட்டும். மாட்டுக்கோ வியர்வையை விரைந்து காய வைத்து உதவும். ஈரக் காற்றுதான் மாட்டுக்குப் பகை. இதை அளக்க வெப்ப ஈரப்பதன் சுட்டெண் என்று ஒன்று உண்டு. வெப்பநிலையை 0.8 ஆல் பெருக்குங்கள்; வெப்பநிலையிலிருந்து 14.4ஐக் கழித்து வருவதை ஈரப்பதனால் பெருக்குங்கள் (75 வீதம் என்றால் 0.75), இரண்டையும் கூட்டி 46.4ஐச் சேருங்கள். விடை 72ஐத் தாண்டினால் மேலைநாட்டுக் கறவை இனங்கள் சிரமப்படத் தொடங்கும். 35 பாகையும் 40 வீத ஈரப்பதனும் உள்ள ஒரு வவுனியா நண்பகலுக்கு விடை 83 அளவு. 31 பாகையும் 75 வீத ஈரப்பதனும் உள்ள ஒரு கொழும்பு நண்பகலுக்கு 84 அளவு. வெப்பமானியில் நான்கு பாகை குறைவாக இருந்தும் நம் பக்கத்து மாட்டுக்கே துன்பம் கூடுதல். 20 பாகையும் 75 வீதமும் உள்ள நுவரெலியாவுக்கு 67 தான் வருகிறது. அம்பேவளைப் பண்ணையில் பிரீசியன் மாடுகள் நிம்மதியாக நிற்பதன் காரணம் இந்த ஓர் எண்ணிலேயே அடங்கிவிடுகிறது. திமிலும் தொங்கும் அலைதாடியும் கொண்ட நம் நாட்டு மாடுகள் நன்றாக வியர்ப்பதால் இன்னும் சில படிகள் தாங்கும். பால் குறைவு என்றாலும் வெயிலில் விழாது.

எருமைக்குக் கறுத்த தோல், மிகக் குறைந்த வியர்வைச் சுரப்பிகள். அது சேற்றில் புரள்வதை அழுக்கு விருப்பம் என்று நினைப்பது அநியாயம். உடலில் பூசிய சேற்று நீர் ஆவியாவதே அதன் வியர்வை. குளமும் மடுவும் வற்றினால் கிழக்கின் பட்டிகளில் பால் குறைந்து, நம் தயிர்ச் சட்டியின் விலை ஏறுகிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பியே இல்லை. உடல் வெப்பம் 41 பாகை. மேலே இறகுப் போர்வை. வாயைத் திறந்து மூச்சிரைப்பதே முக்கிய வழி. அவ்வாறு இரைக்கும்போது இரத்தத்திலிருந்து காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறுவதால் முட்டையோட்டுக்கான காபனேற்று குறைந்து, ஓடு மெலிகிறது. விற்பனைக்கு நெருங்கிய கனத்த இறைச்சிக் கோழிகள் சூடான ஒரே பிற்பகலில் கூட்டமாக இறப்பதும் உண்டு.

ஆடு இவை எல்லாவற்றையும்விட உறுதியானது. புல் கருகினாலும் பூவரசங் குழையும் கிளுவங் குழையும் தின்று பிழைக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: வறட்சியில் வளர்ச்சி குன்றிய இறுங்குப் பயிரிலும், அதன் பிறகு மழை கண்டு புதிதாகத் துளிர்த்த இளந்தாளிலும் சயனைட்டு நச்சு மிகும். பசியோடு நிற்கும் ஆட்டையோ மாட்டையோ அதில் அவிழ்த்துவிட்டால் சில நிமிடங்களில் உயிர் போகலாம்.

செய்யக்கூடியவை பல உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை பெருஞ்செலவு பிடிப்பவையும் அல்ல. மாட்டுக்குத் தீனியை விடியற்காலையிலும் மாலை மங்கிய பின்னரும் வைக்கலாம். நிழலில் குளிர்ந்த நீர் எந்நேரமும் எட்ட வேண்டும், ஏனெனில் நல்ல கறவை மாடு வெப்ப நாளில் 60 லீற்றருக்கும் மேல் குடிக்கும். மேலே நீர் தெளித்தால் காற்றும் வீச வேண்டும். அடைத்த கொட்டிலில் வெறுமனே தெளித்தால் ஈரப்பதன் கூடித் துன்பம் வளரும். கோழிக்கு நண்பகலில் தீனியை எடுத்துவிட்டு நீரை மட்டும் விடுவது நல்லது. தென்னையைச் சுற்றிப் பொச்சு புதைத்தால் அது மழைநீரைப் பிடித்து வைத்து வறண்ட மாதங்களில் வேருக்குக் கொடுக்கும். நெல்லில், பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பி.ஜி. 250 போன்ற 80 நாள் இனங்கள் குளத்து நீர் தீருமுன் விளைந்துவிடும். போகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அதிகாரிகளும், வயல்களுக்கு நீர் பங்கிடுவதைக் கவனிக்கும் வட்டவிதானைமாரும், விவசாயிகளும் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து விதைப்புத் திகதியைக் குறிக்கிறார்கள். நீர் மிகக் குறைவாக இருந்தால், குளத்தை ஒட்டிய வயல்களை மட்டும் அந்தப் போகத்துக்கு எல்லோரும் பங்கிட்டுச் செய்யும் பெத்ம முறையும் சில குளங்களின் கீழ் நெடுங்காலமாக உண்டு. அந்தக் கூட்டத்தில் குறித்த திகதியிலிருந்து இரண்டு வாரம் பிந்தி விதைப்பவரின் பயிர், மற்றவர்களுக்கு வாய்க்கால் பூட்டும் வேளையில் பூத்து நிற்கும்.